ஒரு தடவைதான் கேட்பார்

வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால் அவர் உடனே வேலையைத் தொடங்கமாட்டார். பழைய துணியில் கையைத் துடைத்தபடி வந்து, கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்.

"வேற யாரும் கை வெச்சாங்களா?"

என்ன பதில் சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டு, அந்தப் பதிலை நம்பியே வேலையில் இறங்குவார். பதில் பொய்யாக இருந்தால் வேலை சுற்றிச் சுற்றிப் போகும். அப்போதும் எழுந்து வந்து மறுபடி கேட்கமாட்டார்.

பலாபத்வலையில் பெருந்தெருவோரம் அவருடைய கராஜ் இருந்தது. தகரக் கூரையின் கீழ் இரண்டு வண்டிகள் நிற்கும் இடம், பின்னால் வீடு. என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். முஸ்லிம் ஆண்களை அண்ணன் என்ற மரியாதையில் அழைப்பதுபோல ஊரே அவரை நானா என்றதால் நானும் நானா என்றேன். அவர் என்னைச் சேர் என்பார். மாத்தளை நகரில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் நான் முப்பத்து நான்கு வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன். அதை யார் அவரிடம் சொன்னார்களோ தெரியாது. நான் போனால் பெஞ்சிலிருந்து சாமான்களை அகற்றி, உட்காரும் இடத்தை மட்டும் துடைத்து வைப்பார்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு பழைய ஜப்பான் வேன் வாங்கியிருந்தேன். கியர் தானாக மாறுகிற வகை. எஞ்சின் முன் ஆசனத்துக்குக் கீழே இருக்கும். ஆசனத்தைத் தூக்கித்தான் எதையும் பார்க்க வேண்டும். ஒன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு மாறும்போது யாரோ பின்னால் நின்று உதைப்பதுபோல வண்டி துள்ளியது. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றும் வேன் ஓட்டுகிற என் பழைய மாணவன் ஒருவன்தான் நானாவிடம் போகச் சொன்னான்.

அன்றும் அதே கேள்வி. "எனக்குத் தெரியாது நானா. வாங்கி மூணு மாசந்தான் ஆகுது" என்றேன்.

"அது நல்ல பதில் சேர். கன பேருக்குத் தெரியாதுன்னு செல்ல வராது." சொல்ல என்பது அவர் வாயில் செல்ல என்று வரும்.

அந்தக் கராஜில் வேலை இல்லாத நாட்களிலும் போய் உட்கார ஆரம்பித்தேன். ஓய்வு பெற்றவனுக்குப் போக ஓர் இடம் வேண்டுமே.

பாட்டுப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் பேக்கரிப் பாண் விற்கிற முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர் ஒருநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஏற்றத்தில் எஞ்சின் நின்றுவிடுகிறதாம். நானா கேட்டார். "சத்தியமா யாரும் தொடல நானா" என்றார் பாண்காரர். நானா பிளக்கைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், பெற்றோல் தாங்கியைக் கழற்றிக் கழுவினார். இரண்டாம் நாள் பின்னேரம் கடைசியாகக் கார்பரேட்டரைத் திறந்தார். உள்ளே ஒரு சின்ன உறுப்பு தலைகீழாகப் பூட்டப்பட்டிருந்தது. அதைத் திருப்பிப் பூட்டிவிட்டுச் சாவியை நீட்டினார்.

"சரி, கொண்டு போங்க."

பாண்காரர் போகவில்லை. காலை மாற்றி மாற்றி நின்றார். "கார்பரேட்டர்ல தானா நானா பிரச்சின?"

"ஓ."

"மச்சான் ஒருக்கா கழட்டினான்... சும்மா கழுவிட்டுப் பூட்டுறேன்னு."

"அப்பிடியா" என்றார் நானா, இப்போதுதான் கேள்விப்படுகிறவர்போல.

பக்கத்தில் நின்ற லொறிக்காரர் சிரித்தார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா ரெண்டு நாளு ஊரு பாண் தின்னிருக்கும்."

பாண்காரர் போனபின் கேட்டேன். "அவன் மொகத்துலயே தெரிஞ்சிச்சே நானா. திருப்பி ஒருக்கா கேட்டிருந்தா ஒரு மணித்தியாலத்துல முடிஞ்சிருக்கும்."

"ரெண்டாந்தரம் கேட்டா அது கேள்வி இல்ல சேர். பொலிஸ்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது. நான் வகுப்பில் மூன்று தடவை கேட்பவன். மூன்றாம் தடவை கையில் பிரம்பு இருக்கும். பிள்ளைகள் ஒப்புக்கொள்வார்கள். அவர்கள் ஒப்புக்கொண்டதெல்லாம் உண்மை என்றுதான் முப்பத்து நான்கு வருடம் நினைத்திருந்தேன்.

இந்தக் குணத்தை நல்ல குணம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு இன்றும் தயக்கம். நானாவின் மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியில் உள்ளங்கையளவு ஒரு நெளிவு இருந்தது. எத்தனையோ வண்டிகளின் நெளிவை எடுத்தவர், தன் வண்டியை மட்டும் அப்படியே வைத்திருந்தார். ஒருநாள் அவருடைய மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, நானா வண்டிக்கடியில் இருக்கும்போதே எனக்குச் சொன்னார்.

"அது என்ட தம்பி விழுத்தினது சேர். விழுத்தலன்னு செல்லிட்டான். இவர் ஒரு தரம் கேட்டார், சரின்னார், அவ்வளவுதான். மூணு வருசமாகுது. தம்பி இப்ப இந்த வாசலுக்கு வாறதில்ல. ஏசினாலும் பரவால்ல, அடிச்சாலும் பரவால்ல. கேட்டுட்டு சும்மா ஈக்கிறத ஒரு மனுசனால தாங்க ஏலாது."

வண்டிக்கடியிலிருந்து ஸ்பேனர் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

அவர் ஆட்களை நம்பினாரா, அல்லது அவர்களுடைய பொய்யை அவர்களிடமே விட்டுவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாரா என்பது எனக்குத் தெரியவில்லை.

என் வேனின் கியர்பொக்ஸில் ஒயில் மாற்றியதைச் சொல்ல வேண்டும். மாதுளம்பழச் சிவப்பில் இருக்க வேண்டிய ஒயில் கோப்பிச் சாயமாக வடிந்தது. விரலில் தொட்டு மோந்தார். அடித்தட்டைக் கழற்றினார். அதன் உள்ளே ஒட்டியிருந்த காந்தத்தில் இரும்புத்தூள் சாம்பல் நிறக் களிம்பாகப் படிந்திருந்தது. அதை வழித்துத் துடைத்து எனக்குக் காட்டினார். வடிந்த ஒயிலைப் போத்தல்களில் ஊற்றி அளந்து, வெளியே வந்த அளவுக்கே புதியதை ஊற்றினார்.

"மூணு தரமா மாத்தணும் சேர். இப்ப பாதிக்குக் கொஞ்சம் கூட மாறியீக்கி. ரெண்டு கெழமை ஓட்டிட்டு வாங்க."

"ஒரேயடியா எல்லாத்தையும் எடுத்துட்டா என்ன?"

"பழைய கியர்பொக்ஸ். அந்த ஊத்தையிலதான் புடிச்சிக்கிட்டு ஓடுது. ஒரேயடியாக் கழுவினா புடி உட்டுரும். கொஞ்சங்கொஞ்சமாப் பழக்கணும்."

பிறகு வேனை எடுத்துக்கொண்டு நாலந்தைப் பக்கம் ஓட்டிப்போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்தார். எஞ்சினை ஓடவிட்டபடியே அளவுக் குச்சியை இழுத்து மட்டம் பார்த்திருக்கிறார். அந்த நேரம் நான் பின்னால் அவர் வீட்டுக்குள் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது ஆசனத்தை இறக்கிவிட்டிருந்தார்.

"இந்தக் குச்சிய நீங்க பாக்க வாணாம் சேர். பாக்கணும்னா இங்க கொண்டு வாங்க."

அக்கறையில்தான் சொன்னார். ஒரு பௌதிகவியல் ஆசிரியனைப் பார்த்து மட்டம் பார்க்காதே என்கிறாரே என்றுதான் என் காதில் விழுந்தது.

அது உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த ஆண்டு. அதற்குப் பிந்திய மாதங்களில் முஸ்லிம் கடைகளுக்குப் போகாதீர்கள் என்று ஒரு பேச்சு ஊரூராகப் பரவியது. துண்டுக் காகிதத்தில் வந்தது, தொலைபேசியில் வந்தது, சந்தையில் காதோடு காதாக வந்தது. நானாவிடம் வந்துகொண்டிருந்த சிங்களவர்களில் பாதிப் பேர் நின்றுபோனார்கள். எங்கள் ஆட்களிலும் சிலர் நின்றார்கள். என் மாணவன் உட்படப் பாடசாலை வேன்காரர் ஐந்து பேர் மட்டும் விடாமல் வந்தார்கள். அந்த ஐந்து வேன்களால்தான் அவருடைய கராஜின் கதவு திறந்திருந்தது. இதை அவரே என்னிடம் சொல்லியிருந்தார். "இவங்களும் போனா பூட்டிட்டுப் போறதுதான் சேர்" என்று, மழை வரும்போலிருக்கிறது என்பதுபோலச் சாதாரணமாக.

அந்த நாட்களில்தான் அட்டனிலிருந்து என் மகளும் அவளுடைய மாமனார் வீட்டாரும் வந்தார்கள். சம்பந்தி பெரிய ஹார்ட்வெயார் கடைக்காரர். அவர்களை ரிவர்ஸ்டன் மலைக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. புறப்படும் காலையில், அவர்கள் குளித்துக்கொண்டிருந்தபோது, நான் வேனின் ஆசனத்தைத் தூக்கிக் குச்சியை இழுத்துப் பார்த்தேன். எஞ்சின் ஓடவில்லை, வண்டி இரவெல்லாம் நின்றிருந்தது. ஒயில் மேல்கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

நானா கூட ஊற்றிவிட்டார் என்று முடிவு செய்தேன். ஒயில் கூடினால் நுரைக்கும், நுரைத்தால் கியர் வழுக்கும். அதெல்லாம் எனக்குத் தெரியும். அவரை ஓர் அழைப்பில் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவரிடம் ஒரு பிழை கண்டுபிடித்ததில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வண்டிக்கடியில் படுத்து, அளவு பொருந்தாத ஒரு ஸ்பேனரால் அடி நட்டைத் திருகி, ஒரு பேசினில் ஒயிலை வடித்தேன். குச்சியில் மட்டம் கோட்டுக்கு வரும்வரை வடித்தேன். ஒன்றரை லீட்டராவது இருக்கும். அதை வாழைக்குப் பின்னால் ஊற்றி மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, விடைத்தாளில் சிவப்புக் கோடு போட்டவனின் திருப்தியோடு கைகழுவினேன்.

இறத்தோட்டை தாண்டி மலை ஏறத் தொடங்கி, கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாவதோ நான்காவதோ வந்தபோது எஞ்சின் இரைந்தது, வண்டி நகரவில்லை. தீய்ந்த நாற்றம். பெண்கள் சாப்பாட்டுப் பார்சல்களோடு இறங்கித் தேயிலை ஓரத்தில் நின்றார்கள். மூடுபனி வந்து வந்து போனது. நானாவுக்கு அழைத்தேன். "வாறேன் சேர்" என்றார்.

"யாருகிட்ட வேலைக்குக் குடுத்தீங்க சம்பந்தி?" என்றார் மகளின் மாமனார்.

"பலாபத்வலயில ஒரு நானாகிட்ட."

"இந்த நேரத்துல போயி அவங்ககிட்டயா குடுத்தீங்க?" அவர் அதைப் பெண்களுக்கும் கேட்கும்படி சொன்னார். "படிச்ச மனுசன் நீங்க."

காலையில் நான் நட்டைக் கழற்றியதை அங்கேயே சொல்லியிருக்கலாம்.

ஒன்றரை மணி நேரத்தில் நானா மோட்டார் சைக்கிளில் வந்தார். பின்னால் ஒயில் கான் கட்டியிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை, ஜும்மாத் தொழுகையை விட்டுவிட்டு வந்திருந்தார். அந்தக் கானுக்காக வழியில் இரண்டு சோதனைச் சாவடிகளில் இறக்கிச் சோதித்ததாகச் சொன்னார். அதைக் குறையாகச் சொல்லவில்லை, தாமதத்துக்குக் காரணமாகச் சொன்னார்.

ஆசனத்தைத் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டுக் குச்சியை இழுத்தார். நுனியில் ஒரு சொட்டுகூட இல்லை. எஞ்சினை நிறுத்தினார். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி இழுத்தார். இப்போது மட்டம் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது.

அந்த இடத்தில் எனக்கு விளங்கிவிட்டது. எஞ்சின் ஓடும்போது ஒயில் மேலேறிக் கியர்பொக்ஸின் உள்ளே சுற்றுகிறது. நின்றால் அடித்தட்டுக்கு இறங்கி, கூடியிருப்பதுபோலக் காட்டுகிறது. ஒரு சாதாரணப் பிள்ளைக்கும் விளங்குகிற விஷயம். ஆகவே பிறகு நான் சொன்னது தெரியாமல் சொன்ன பொய் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள வழியில்லை.

நானா வண்டிக்கடியில் போனார். அவருடைய கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அசைந்துகொண்டிருந்த கால்கள் நின்றன. என் ஸ்பேனர் நட்டின் விளிம்பைக் கடித்துச் சிதைத்திருந்தது. புது இரும்பு பளிச்சென்று தெரிந்திருக்கும். வெகுநேரம் அப்படியே கிடந்தார். பிறகு வெளியே வந்து, துணியில் கையைத் துடைத்து, என் முகத்தைப் பார்த்தார்.

"சேர், வேற யாரும் கை வெச்சாங்களா?"

சம்பந்தி என் தோளுக்குப் பக்கத்தில் நின்றார். என் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல நானா. நீங்க மாத்தினதுக்குப் பொறகு யாரும் தொடல."

"சரி" என்றார்.

"அப்ப உன் வேலதானேப்பா இது?" என்றார் சம்பந்தி.

நானா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "ஓ. என்ட கைதான் கடைசி."

வேனை லொறியில் கட்டி இறக்கினார்கள். கொழும்பிலிருந்து பாவித்த கியர்பொக்ஸ் ஒன்றைத் தன் பொறுப்பிலேயே வரவழைத்து, நானா எட்டு நாளில் பூட்டித் தந்தார். நான் அதையும் வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொன்னால் உண்மையைச் சொன்னதாகிவிடும் என்று பயந்தேன்.

இதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. சம்பந்தி வீட்டார் போனபின் என் பழைய மாணவன், வேன்காரன், வீட்டுக்கு வந்தான்.

"சேர், ஊருல ஒரு கத ஓடுது. நெசமாவே நானாவாலயா வேன் நின்னுச்சு?"

அவன் ஒருவனிடம் சொன்னால் போதும். அவன் மற்ற நாலு பேரிடமும் சொல்வான். அதனால்தான் அந்தக் கேள்வியோடு வந்திருந்தான். நான் இல்லை என்பேன் என்றுதான் எதிர்பார்த்து வந்தான். உண்மையைச் சொன்னால் அது மகளின் காதுக்கு எப்படியும் போகும் என்று நினைத்தேன்.

"ஆமாப்பா. ஒயில் கொறைச்சலா ஊத்தி விட்டுட்டான்." அவரை அவன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. பிறகு, யாரும் கேட்காமலே, இன்னொன்றும் சொன்னேன். "பிள்ளைங்கள ஏத்துற வண்டி. இந்த நேரத்துல கவனமா இருந்துக்க."

அந்தக் கடைசி வாக்கியம் அந்த மாதங்களில் என்ன பொருள் தரும் என்று தெரிந்தே சொன்னேன். அவன் எழுந்து போனான். அடுத்த மாதம் ஐந்து வேன்களும் வேறு கராஜுக்குப் போயின. வருடம் முடிவதற்குள் பலாபத்வலையில் அந்தத் தகரக் கதவு சாத்தப்பட்டது. இப்போது அங்கே தரை ஓடு விற்கிறார்கள்.

நானா நாவுலையில் யாரோ ஒருவருடைய டயர் கடையில் கூலிக்கு வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டு, நான் போய்ப் பார்க்க நான்கு வருடம் எடுத்தது. சம்பந்தி இறந்த பிறகுதான் போனேன். அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். பஸ்ஸில் போனேன். டியூப் ஒன்றைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். தாடி வெளுத்திருந்தது. என்னைக் கண்டதும் ஒரு பழைய டயரின் மேல் அட்டை விரித்து உட்காரச் சொன்னார்.

"வேன் ஓடுதா சேர்?"

"ஓடுது."

"ஒயில் மாத்தினீங்களா?"

"இல்ல."

"மாத்துங்க. விட்டுராதீங்க."

நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். "நானா, அன்னைக்குக் காலையில அந்த நட்டக் கழட்டினது நான்தான்."

"தெரியும் சேர்." டியூபில் ஓட்டை இருந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டார்.

"தெரிஞ்சும் ஏன் சொல்லாம இருந்தீங்க?"

"நட்டு மட்டுந்தான் நான் கண்டது. கையக் காணலியே. அதுதான் ஒங்கள்ட்ட கேட்டேன்."

"மன்னிச்சிருங்க நானா."

அவர் டியூபை விட்டு நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

"என்னட்ட செல்லி என்னத்துக்கு சேர்? எனக்கு அண்டைக்கே தெரியும். தெரியாதவங்களுக்குச் செல்லுங்க."

"சொல்றேன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். தேத்தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். நான் வேண்டாம் என்றேன். அவர் டியூபைத் தேய்க்கத் தொடங்கிவிட்டார்.

மாத்தளையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பாடசாலை விடும் நேரத்துக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. வாசலில் வேன்கள் நின்றன. என் மாணவன் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கும் தலை நரைக்கத் தொடங்கிவிட்டது.

"எங்க சேர் போயிட்டு வாறீங்க இந்த வெயில்ல? ஏறுங்க, வீட்டுல விட்டுட்டு வாறேன்."

ஏறினேன். வேனில் வேறு யாரும் இல்லை. வழியில் கியர் மாறும்போது வண்டி இழுத்துத் துள்ளியது. அவன் ஸ்டியரிங்கில் தட்டினான்.

"பாருங்க சேர், போன மாசந்தான் செஞ்சது. இப்பப் போற கராஜ்காரன் சரியில்ல. பொய்யா சொல்றான். நானா மாதிரி ஒருத்தன் இனிக் கெடைக்கமாட்டான். அவரும் கடைசியில உங்க வேலயில அப்பிடிப் பண்ணிட்டாரு."

அவன் என் பக்கம் திரும்பிப் பார்த்தான். பதிலுக்காகக் காத்திருந்தான்.

"எல்லாரும் அப்பிடித்தான்" என்றேன்.

வாசலில் இறக்கிவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனான். இது நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அவனோ மற்ற நாலு பேரோ புத்தகம் வாசிக்கிறவர்கள் அல்ல. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதி முடித்திருக்கிறேன். நானாவின் பெயரை எங்கும் போடவில்லை. போட்டால் யாராவது அவர்களுக்கு வாசித்துக் காட்டிவிடுவார்கள்.